தீவாந்தர தண்டனை: எண்ணப்படாமற்போன ஆண்டுகள்

1783ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் லண்டன் மாநகரின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் ஜான் ஹட்சன் என்னும் சிறுவன் நிறுத்தப்பட்டான். அவனுக்கு வயது ஒன்பது. தாயும் தந்தையும் இல்லை. புகைபோக்கி துடைக்கும் வேலையை அவ்வப்போது செய்து வந்தவன். ஒரு வீட்டினுள் இரவில் புகுந்து ஒரு சட்டை, ஐந்து பட்டுக் காலுறைகள், ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன்கள் ஆகியவற்றை எடுத்துச் சென்றான் என்பது குற்றச்சாட்டு. இரவில் வீட்டை உடைத்துப் புகுந்து திருடியவனுக்கு அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மரண தண்டனை. அச்சிறுவனின் வாக்குமூலத்தை மட்டும் நம்பி அவனைத் தூக்குமேடைக்கு அனுப்ப நீதிபதிக்கு மனம் வரவில்லை. உடைத்துப் புகுந்த குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, திருடியது மட்டும் மெய் என்று ஜூரிமார் கூறினர். ஏழாண்டுகள் கடல் கடந்த நாட்டுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இத்தண்டனைக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் ‘தீவாந்தரம்’ என்பதாகும். வேறொரு தீவு என்பதே அதன் பொருள். தீவாந்தர சிட்சை என்றால் நம் ஊர்களில் மூத்தோருக்கு அந்தமான்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தமானுக்கு முன்பே நெடுங்காலமாக இத்தண்டனையை ஆங்கிலேயர் தம் சொந்த மக்கள்மீது, அதிலும் பெரும்பாலும் சில்லறைத் திருட்டுக்காக, நடத்தி வந்தனர் என்பதைப் பலரும் அறிவதில்லை. அரபிக் கல்லூரிகளில் ஸரிகா (திருட்டு) பற்றிய பாடத்தை நடத்தும்போது ‘இக்காலத்தில் இதை எப்படி நியாயப்படுத்துவது?’ என்ற வினா மாணவரிடமிருந்து தவறாமல் எழுகிறது. அதற்குப் பதிலாக ‘அவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்?’ என்று திருப்பிக் கேட்பது எளிது. ஆனால் அது கல்வியாகாது. அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள், அவர்களுடைய சட்டம் எந்த இடத்தில் தடுமாறிற்று என்பதைப் பார்த்துவிட்டு நம் நூல்களைத் திறந்தால், நாம் பலமுறை ஓதிக் கடந்துபோன சில வரிகள் வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன. இக்கட்டுரையின் நோக்கம் அவ்வளவே.

ஆங்கிலச் சட்டத்திலும் திருட்டுக்கு ஒரு நிஸாப் இருந்தது. 1275ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பன்னிரண்டு பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங், என்னும் மதிப்பு எல்லையாகக் கொள்ளப்பட்டது. அதற்கு மேற்பட்டது பெருந்திருட்டு, அதற்குட்பட்டது சிறுதிருட்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டிலும் இதன்மீது புதிய எல்லைகள் அடுக்கப்பட்டன. கடையில் யாரும் அறியாமல் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளை எடுத்தால் மரணம் என்று 1699ஆம் ஆண்டுச் சட்டமும், குடியிருக்கும் வீட்டில் நாற்பது ஷில்லிங் மதிப்புள்ளதை எடுத்தால் மரணம் என்று 1713ஆம் ஆண்டுச் சட்டமும் கூறின. நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பணத்தின் மதிப்பு வீழ்ந்தது. சட்டத்தில் எழுதிய தொகையோ அப்படியே நின்றது. முன்னர் ஒரு ஆடு வாங்கப் போதுமாயிருந்த தொகை பின்னர் ஒரு கைக்குட்டை வாங்கவே சரியாயிற்று.

ஜூரிமாரும் மனிதர்களே. நாற்பது ஷில்லிங்குக்கு மேல் பெறுமானமுள்ள பொருளை முப்பத்தொன்பது ஷில்லிங் என்று மதிப்பிட்டுக் குற்றவாளியின் உயிரைக் காத்தனர். சட்டப் பேரறிஞர் பிளாக்ஸ்டன் இதனைப் பக்தி கலந்த பொய்ச்சத்தியம் என்ற பொருள்படக் குறிப்பிட்டார். உண்மை கூறுவதாக இறைவன்மீது ஆணையிட்டு அமர்ந்தவர்கள் உயிரைக் காப்பதற்காகப் பொய் கூற நேர்ந்தது. இவ்விடத்தில் ஃபிக்ஹு மாணவர் சற்று நிற்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் பத்து திர்ஹம், ஷாஃபிஈ மத்ஹபில் கால் தீனார் என்ற நிஸாப் நமக்கும் உண்டு. ஆனால் அதனோடு ஹிர்ஸ் என்னும் பாதுகாப்பிடத்தின் நிபந்தனையும், ஷுப்ஹத் என்னும் ஐயம் தோன்றினால் ஹத்து விலகும் என்ற விதியும் சட்டத்தினுள்ளேயே வைக்கப்பட்டுள்ளன. விரைவில் கெட்டுப்போகும் உணவுப் பொருள்களுக்குக் கைவெட்டு இல்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. பஞ்ச காலத்தில் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் அத்தண்டனையை நிறுத்தி வைத்ததும், ஹாத்திப் (ரலி) குடும்பத்து அடிமைகள் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்ற வழக்கில் அவர்களைப் பட்டினி போட்ட எசமானிடமிருந்தே ஒட்டகத்தின் விலையைப்போல் இரு மடங்கு பெற்றுக் கொடுத்ததும் யாவரும் அறிந்தவை. இரக்கம் காட்ட விரும்பும் காழிக்குப் பொய் கூற வேண்டிய தேவையில்லை. சட்டத்தின் வாயிற்கதவே திறந்திருக்கிறது. ஆங்கில ஜூரிமாருக்கோ பின்வாசல்தான் கிடைத்தது.

அப்பின்வாசல் வழியே வெளியே வந்தவர்கள் சென்று சேர்ந்த இடமே கப்பல். தூக்குக்கும் விடுதலைக்கும் நடுவே ஒரு தண்டனை வேண்டியிருந்தது. 1718ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது: சாதாரணத் திருட்டுக்கு ஏழாண்டு, மரண தண்டனை குறைக்கப்பட்டவர்களுக்குப் பதினான்கு ஆண்டு, காலம் முடியுமுன் திரும்பினால் மரணம். ஜானத்தன் ஃபார்வர்டு என்னும் லண்டன் வணிகருக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசுக் கருவூலம் பணம் கொடுத்தது. அவர் கைதிகளைக் கப்பலேற்றி, அமெரிக்கக் கரையில் மேரிலாண்டிலும் வர்ஜீனியாவிலும் புகையிலைத் தோட்டக்காரர்களுக்கு விற்று இரண்டாவது இலாபமும் பெற்றார். 1775 வரை ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் இவ்வாறு சென்றனர்.

அமெரிக்கப் போர் அக்கரையை அடைத்துவிட்டது. சிறைகள் நிரம்பின. 1776ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிப் பாய்மரம் இழந்த பழங்கப்பல்களைத் தேம்ஸ் ஆற்றில் நங்கூரமிட்டு அவற்றில் கைதிகளை அடைத்தனர். தற்காலிகம் என்று தொடங்கிய அந்த மிதக்கும் சிறைகள் 1857 வரை நீடித்தன. சிறுவன் ஹட்சனை முதலில் அமெரிக்காவுக்கே அனுப்பப் பார்த்தனர். அவன் ஏறிய மெர்க்குரி என்னும் கப்பலில் 1784இல் கைதிகள் கலகம் செய்து கரை திரும்பினர். பிடிபட்டவர்களோடு அவனும் பிளிமத் துறைமுகத்துச் சிறைக்கப்பலில் அடைபட்டான். இறுதியில் 1786 ஆகஸ்டில் உள்துறைச் செயலர் சிட்னி பிரபு, உலகின் மறுகோடியில் கேப்டன் குக் 1770இல் கண்டு வந்த பாட்டனி விரிகுடாவைத் தெரிவு செய்தார். 1787 மே 13 அன்று பதினொரு கப்பல்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டன. ஹட்சன் அவற்றுள் ஃபிரண்ட்ஷிப் என்னும் கப்பலில் இருந்தான். 1788 ஜனவரியில் அவை போய்ச் சேர்ந்தன. பயணம் எட்டு மாதம். தீர்ப்பு வந்ததிலிருந்து கணக்கிட்டால் ஹட்சனின் ஏழாண்டில் நான்கு ஆண்டுகள் நிலத்தைக் காணுமுன்பே கழிந்திருந்தன.

ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப்பின் வந்த இரண்டாம் கப்பல் தொகுதியைப் பற்றிச் சுருக்கமாகவேனும் கூறியாக வேண்டும். ஏனெனில் அதில் ஓர் ஒப்பந்தப் பாடம் இருக்கிறது. அடிமை வாணிபத்தில் பழகிய கேம்டன், கால்வர்ட், கிங் என்னும் நிறுவனத்தார் கைதி ஒருவருக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் கூலி பேசினர். அக்கூலி ஏற்றிய தலைக்கு. இறக்கிய தலைக்கு அன்று. உணவைக் குறைத்தால் மிச்சம், கைதி இறந்தாலும் நட்டமில்லை என்னும் நிலை. 1790இல் சிட்னியை அடையுமுன் ஆயிரம் கைதிகளில் நான்கில் ஒரு பங்கினர் மடிந்தனர். பின்னர்க் கூலியில் ஒரு பகுதியை உயிரோடு கரையிறங்குவோரின் எண்ணிக்கையோடு இணைத்தபோது சாவு குறைந்தது. இஜாரா என்னும் கூலி ஒப்பந்தத்தில் பயன் எது என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று ஃபுகஹாக்கள் ஏன் அத்துணை வற்புறுத்துகின்றனர் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் நமக்குத் தெரியாது.

இனி, நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். முதற் கப்பல் தொகுதியில் வந்தோர் பலர் 1782, 1783, 1784ஆம் ஆண்டுகளில் தீர்ப்புப் பெற்றவர்கள். ஆகவே புதுக்குடியேற்றம் தொடங்கி ஓராண்டு ஆவதற்குள்ளேயே சிலருடைய ஏழாண்டு முடியலாயிற்று. அவர்கள் ஆளுநர் ஆர்தர் ஃபிலிப்பிடம் சென்று ‘எங்கள் காலம் முடிந்தது, நாங்கள் இனிக் கைதிகளல்லர்’ என்றனர். ஆளுநர் பெட்டிகளைத் திறந்து தேடினார். யாருக்கு எத்தனை ஆண்டுத் தண்டனை, அது எந்நாளில் தொடங்கிற்று என்பதைக் காட்டும் ஆவணங்கள் அங்கே இல்லை. கப்பல் தலைவர்கள் அவற்றை இங்கிலாந்திலேயே தங்கள் முகவர்களிடம் விட்டு வந்திருந்தனர். சங்கிலியும் சாட்டையும் மறவாமல் ஏற்றப்பட்டிருந்தன; விதைநெல்லும் மாடும்கூட ஏற்றப்பட்டிருந்தன. விடுதலை நாளைச் சொல்லும் தாள் மட்டும் வரவில்லை.

கடிதம் எழுதி இங்கிலாந்திலிருந்து பதில் பெற ஓராண்டுக்கும் மேலாகும். அதுவரை முன்போலவே உழைக்க வேண்டும் என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. இக்கோரிக்கையை எழுப்பியவர்களுள் ஜான் கலிஹார்ன் என்பவர், இதன் தொடர்பில் துணை ஆளுநர் மேஜர் ராஸைப் பற்றி அவதூறு கூறினார் என்று 1789 ஜூலையில் விசாரிக்கப்பட்டு, அறுநூறு கசையடியும் ஆறுமாத விலங்கும் விதிக்கப்பட்டார். காலம் முடிந்தது என்று சொல்ல வந்தவர் பெற்ற பதில் அது.

ஜேம்ஸ் ரூஸ் என்பவர் இதனினும் நற்பேறு பெற்றவர். 1782இல் கார்ன்வால் பகுதியில் தீர்ப்புப் பெற்ற அவரும் தம் காலம் முடிந்ததென்றார். உழவு அறிந்தவராதலால் ஆளுநர் அவரை 1789 நவம்பரில் பரமட்டா அருகே ஒரு நிலத்தில் பயிரிட்டுப் பார்க்கச் சொன்னார். நிலம் விளைந்தது, 1791இல் முப்பது ஏக்கர் அவர் பெயருக்கு எழுதப்பட்டது. ஆனால் அது யாருடைய நிலம்? அங்கு எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணின் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1789இல் பெரியம்மை சிட்னியைச் சூழ்ந்து வாழ்ந்த அம்மக்களில் பெரும்பகுதியினரை அழித்தது. கைக்குட்டை திருடியவனை நாடு கடத்திய சட்டம் ஒரு கண்டத்தையே எடுத்துக்கொண்டதை, உரிமையாளரில்லா நிலம் என்ற பெயரால் ஏற்றுக்கொண்டது. அக்கோட்பாட்டை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் தள்ளுபடி செய்தது 1992இல்தான்.

இப்போது நம் நூல்களைத் திறப்போம். ஷாஃபிஈ மத்ஹபில் மணமாகாதவரின் விபசாரக் குற்றத்துக்குக் கசையடியோடு ஓராண்டு ‘தக்ரீப்’ (ஊரைவிட்டு அகற்றல்) உண்டு. திருட்டின் ஹத்தில் அது இல்லை. தஃஸீர் என்ற வகையில் ஒருவரை ஊர்கடத்தினாலும் அது ஓராண்டுக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்பர். தொழுகையைச் சுருக்கும் பயணத்தொலைவு போதுமானது. பெண்ணைத் தனியே அனுப்பலாகாது. கணவனோ மஹ்ரமோ கூலி கொடுத்தேனும் உடன் அனுப்பப்பட வேண்டும். இவற்றை நாம் மனப்பாடமாக ஓதியிருக்கிறோம். அதன் தொடர்ச்சியாக வரும் ஒரு கிளைச்சட்டத்தைத்தான் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். இமாம் கதீப் ஷிர்பீனீ (ரஹ்) அவர்களின் முக்னில் முஹ்தாஜில் அது காணப்படுகிறது. ஓராண்டின் கணக்கு பயணம் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணப்பட வேண்டும். அகற்றல் தொடங்கிய நாளை ஆட்சியாளர் தம் பதிவேட்டில் குறித்து வைத்தல் வேண்டும் என்பது இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்களின் கருத்து. ‘எனக்குரிய ஆண்டு முடிந்துவிட்டது’ என்று தண்டனைக்குள்ளானவர் கூறி, அதற்குச் சாட்சி இல்லையானால், அவருடைய சொல்லே ஏற்கப்படும். ஏனெனில் இது அல்லாஹ்வின் உரிமை சார்ந்த விஷயம். சத்தியம் வாங்குவதுகூட விரும்பத்தக்கதேயன்றிக் கட்டாயமன்று.

மாணவப் பருவத்தில் இத்தகைய கிளைச்சட்டங்களைக் காணும்போது, நடக்கவே நடக்காத ஒன்றுக்கு ஏன் இத்துணை நுணுக்கம் என்று தோன்றும். சிட்னியில் 1789இல் அது நடந்தது. தாளும் இல்லை, சாட்சியும் இல்லை, கைதியின் சொல் மட்டுமே இருந்தது. பதிவேட்டைத் தொலைத்தது அரசு. அதன் சுமையைக் கைதி தாங்கினான். ஷிர்பீனீ (ரஹ்) அவர்களின் நூல் அச்சுமையை மறுபக்கத்தில் வைக்கிறது. இரு சட்டங்களுக்குமிடையே நாம் காணும் மெய்யான வேறுபாடு கையிலும் கப்பலிலும் இல்லை. இந்த இடத்தில் இருக்கிறது.

எனினும் நம் நூலை அவர்களுடைய நடைமுறையோடு ஒப்பிட்டு வெற்றி கொண்டாடுவது நேர்மையன்று. நூலை நூலோடும் நடப்பை நடப்போடும் வைத்துப் பார்க்க வேண்டும். உதுமானியப் பேரரசு சைப்ரஸைக் கைப்பற்றியபின் 1572இல் அனத்தோலியாவின் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்களை அத்தீவுக்குக் குடிபெயரச் செய்த ஆணையைப் பிறப்பித்தது. அவர்களுள் எக்குற்றமும் செய்யாத உழவரும் கைவினைஞரும் இருந்தனர். அரசுகளுக்குத் தீவுகள் கிடைத்தால் ஆள்கள் வேண்டியிருக்கிறது. மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஐந்து ஷில்லிங் கடைத்திருட்டுக்கு மரணத்தை நீக்க வேண்டும் என்று சாமுவேல் ராமிலி 1810இல் கொண்டுவந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தோற்கடித்தபோது, எதிர்த்து வாக்களித்தோரில் கேன்டர்பரி தலைமைப் பேராயர் உட்பட ஏழு பேராயர்கள் இருந்தனர். சுல்தான்களின் அவைகளில் நம் ஆலிம்கள் சிலர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை அறிந்தவர்கள் இச்செய்தியைப் படித்துச் சிரிக்க மாட்டார்கள்.

அகற்றல் என்ற தண்டனையின்மீதே நம் முன்னோருக்கு ஐயம் இருந்தது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மது அருந்திய ரபீஆ பின் உமையா என்பவரைக் கைபருக்கு அனுப்பினார்கள். அவர் அங்கிருந்து ரோமப் பேரரசர் ஹிரக்லிடம் ஓடிச்சென்று கிறித்தவரானார். அதன்பின் எந்த முஸ்லிமையும் ஊர்கடத்துவதில்லை என்று உமர் (ரலி) அவர்கள் முடிவு செய்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. ஊர்கடத்துவதே ஒரு ஃபித்னாவாக அமையப் போதுமானது என்ற கருத்து ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களைத் தொட்டு வருகிறது. இவற்றைச் சான்றாகக் கொண்டே ஹனஃபீ இமாம்கள் அதை ஹத்தின் பகுதியாக ஏற்காமல், ஆட்சியாளரின் ஸியாஸத் சார்ந்ததென ஒதுக்கினர். சொந்தபந்தமும் அண்டை அயலாரும் அறிந்த முகங்களும் இல்லாத இடத்தில் மனிதன் என்னவாகிறான் என்பதே அவர்களுடைய கவலை. சிட்னியில் முதன்முதலாகத் தூக்கிலிடப்பட்டவர் தாமஸ் பேரட். 1788 பிப்ரவரி 27 அன்று. அரசுக் களஞ்சியத்திலிருந்து உணவுப் பொருள் திருடினார் என்பது அவர் குற்றம். திருட்டைத் தடுக்க உலகின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டவர்கள், கரையேறி ஒரு மாதத்தில், பசியால் திருடினர்.

இவ்வரலாறு நம் நாட்டையும் வந்து தொட்டது. 1781இல் யார்க்டவுனில் சரணடைந்து அமெரிக்கக் கரையை ஆங்கிலேயர் இழக்கக் காரணமாயிருந்த அதே காரன்வாலிஸ் பிரபு, பாட்டனி விரிகுடா முடிவான 1786ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தார். 1790இல் முகம்மது ரஸா கானிடமிருந்து வங்காளத்தின் குற்றவியல் நிர்வாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1791இல், முஸ்லிம் சட்ட அலுவலர்களின் ஃபத்வாவில் ஓர் உறுப்பை வெட்டும் தண்டனை வந்தால் அதற்குப் பதில் ஏழாண்டுக் கடுங்காவல், ஈருறுப்புகளானால் பதினான்கு ஆண்டு என்று விதித்தனர். ஏழு, பதினான்கு என்னும் எண்கள் எங்கிருந்து வந்தன என்பது இந்நேரம் வாசகருக்குப் புலனாகியிருக்கும். உறுப்பு வெட்டு மனிதத்தன்மைக்கு ஒவ்வாதது என்று அவர்கள் மனமார நம்பினர். அதைப் போலித்தனம் என்று நாம் கூறவில்லை. ஆனால் அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1789 ஜனவரியில், அதே ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் பத்துப் பதினொரு வயதுடைய மேரி வேட் என்னும் சிறுமி, தன்னினும் இளைய ஒரு குழந்தையின் கவுனையும் தொப்பியையும் கழற்றி எடுத்ததற்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்தாள். மன நோயிலிருந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் குணமடைந்ததை ஒட்டி அது குறைக்கப்பட்டு, அவள் லேடி ஜூலியானா என்னும் கப்பலில் ஏற்றப்பட்டாள். உடன் வர மஹ்ரமும் இல்லை, தாயும் இல்லை.

வங்காளத்திலும் சிறை நிரம்பியபோது கப்பல்தான் நினைவுக்கு வந்தது. 1787 முதல் சுமத்ராவின் பென்கூலனுக்கும், 1790 முதல் பினாங்குக்கும், பின்னர் மொரீஷியஸ், சிங்கப்பூருக்கும் இந்தியக் கைதிகள் அனுப்பப்பட்டனர். 1858இல் அந்தமான் வந்தது. கடலைக் கடப்பதே தீட்டு என்று கருதிய மக்களிடையே தீவாந்தரம் சாவினும் அச்சுறுத்தும் என்று அதிகாரிகள் எழுதி வைத்தனர்.

காலம் முடிந்தவர்கள் திரும்பினார்களா என்னும் வினாவுக்கு விடை எளிது. சட்டம் தடுக்கவில்லை, அரசு கப்பல் கட்டணமும் கொடுக்கவில்லை. உடலில் வலுவுள்ள ஆண்கள் சிலர் மாலுமியாக வேலை செய்து ஊர் சேர்ந்தனர். பெண்களுக்கு அவ்வழியும் இல்லை. ஆகவே தாளில் ஏழாண்டு என்றிருந்தது பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுமையாயிற்று. 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 1,62,000 பேர். அவர்களுள் பெண்கள் சுமார் 25,000 பேர். சிறுவன் ஹட்சன் 1790இல் நார்ஃபோக் தீவுக்கு அனுப்பப்பட்டான். மேரி வேட் திரும்பவேயில்லை; பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெருகி, 1859 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸிலேயே இறந்தார். கடைசிக் கைதிக் கப்பல் ஹூகமான்ட் 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டிலை அடைந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ஏடுகளிலோ தீவாந்தரம் இன்னும் நெடுங்காலம் இருந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் நாடாளுமன்றம் 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அச்சொல்லை நீக்கி ‘ஆயுள் சிறை’ என்று எழுதியது.